ஸ்ரீதரனின் பெட்டியும் கல்லுச்சாமியும்

ருவான்வெல்லையில் ஸ்ரீதரனைத் தெரியாத ஆள் கிடையாது. கெட்டிக்காரன் என்று தெரிந்திருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் கழன்ற கேஸ் என்றுதான் தெரியும். த்ரீவீல் ஓட்டுகிறவன் ஆட்களை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். இவன் ஹயர் இல்லாத நேரமெல்லாம் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, கையில் மஞ்சள் நிற மெசின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் நடப்பான். மாணிக்கக்கல் தேடுகிறான் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். இரத்தினபுரிப் பக்கம் பெண் எடுத்தவன்தானே, மாமியார் வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தார்கள்.

அவன் தேடியது கல் அல்ல. அது எனக்குத்தான் தெரியும். என் பெயர் காளிதாஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். டெலிபோன், போட்டோக்கொப்பி மெசின், ஊருக்கே பெருமையான ஒரு கம்பியூட்டர். அந்தக் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து என் உயிரை எடுத்தவன் ஸ்ரீதரன்.

சண்டை நின்று சமாதானம் பேசிய காலம் அது. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒல்லாந்துப் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் இவனுடைய வண்டியில் ஏறி, யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு அருவிக்குப் போகச் சொன்னார்கள். போனவர்கள் அருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெசினைப் பார்த்துக்கொண்டே ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் வேரிடுக்கில் இருந்த பிலிம் டப்பாவைக் கண்டுபிடித்தவன் ஸ்ரீதரன். அவர்கள் கைதட்டி, அதற்குள் இருந்த தாளில் இவனையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தங்கள் ஊருக்குத் திரும்பும்போது, கட்டுநாயக்க ஏர்போட்டில் இறங்கிய இடத்தில், அந்தப் பழைய ஜிபிஎஸ் மெசினை இவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“இது ஒரு விளையாட்டுண்ணே” என்று எனக்கு விளக்கினான். “எங்கயோ ஒரு ஆள் ஒரு பொட்டிய ஒளிச்சு வைப்பாரு. எந்த இடம்னு நம்பர இன்டர்நெட்ல போட்டுருவாரு. நாம மெசின வச்சுத் தேடிப் போய் எடுக்கணும்.”

“எடுத்து?”

“உள்ள இருக்கிற தாள்ல பேர எழுதிட்டு, இருந்த மாதிரியே வச்சுட்டு வந்துடணும்.”

“உள்ள என்னடா இருக்கும்?”

“கோலிக்குண்டு, சாவிக்கொத்து, அந்த மாதிரி. ஒண்ணு எடுத்தா அதுக்குச் சமமா ஒண்ணு வைக்கணும்.”

“கோலிக்குண்டுக்காகவா அட்டைக்கடி பட்டுக்கிட்டுத் திரியிற?”

“அண்ணே, உங்களுக்கு ரசனை பத்தாது” என்றான். கம்பியூட்டருக்குச் சொந்தக்காரன் நான். ரசனை பத்தாதாம்.

அவன் தயாராவதைப் பார்க்க வேண்டும். தோளில் ஒரு பை. அதில் மெசின், மாற்று பெற்றரி, டோர்ச், அட்டைக்கு ஒரு சவர்க்காரத் துண்டு, பாம்புக்கு ஒரு தடி, அப்புறம் பென்சில். “மழைக்காட்டுல பேனா எழுதாதுண்ணே, பென்சில்தான் எழுதும்.” மெசினுக்கு வானம் தெரிய வேண்டுமாம். ரப்பர் இலை அடர்ந்திருக்கும் மாதங்களில் அது இவனை இருபது அடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைக்கழிக்கும். மாசி மாதம் இலை உதிர்ந்து காடு மொட்டையாக நிற்கும்போதுதான் சரியாகக் காட்டும். எல்லோரும் நிழல் போய்விட்டதே என்று புலம்பும் மாதத்தில் இவன் ஒருவன்தான் சந்தோஷமாக இருப்பான்.

நம் பக்கத்தில் தேடுவதற்கு இருந்ததே ஒன்றிரண்டு பெட்டிகள்தான். அவை முடிந்ததும் அவனுக்கு அடுத்த ஆசை வந்தது. தானே ஒரு பெட்டி வைக்க வேண்டும். தான் பிறந்த தோட்டத்தில், உலகத்தில் இருந்து யாராவது ஒரு ஆள் தேடி வந்து அதை எடுக்க வேண்டும். “ஒரே ஒரு ஆள் வந்தா போதும்ணே. நம்ம தோட்டத்துக்கு ஒரு ஆள் தேடி வந்தான்னு இருக்கட்டும்” என்றான். அதைச் சொன்னபோது அவன் விளையாடவில்லை.

பெட்டிக்குள்ளே இருக்கிறது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் குண்டு என்று பொலிஸ் வந்து நிற்கும். அதனால் பளிங்கு மாதிரியான பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி வாங்கினான். மூடியின் மேல், இது ஒரு விளையாட்டு, பயப்பட வேண்டாம் என்று சிங்களத்திலும் இங்கிலீஷிலும் நான் அடித்துக்கொடுத்த தாளை ஒட்டினான். உள்ளே தமிழில் விதிகள். எழுதியது நான். எழுதுவது என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் வீறாப்பாகத்தான் வரும்:

“இதைக் கண்டவர் பாக்கியசாலி. ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். தின்னும் பொருள் எதையும் உள்ளே வைக்கலாகாது. இருந்தது இருந்தபடியே மூடிச் செல்ல வேண்டும். பிறர் கண்ணில் படாமல் வந்து போக வேண்டும். இங்கே கண்டதை எவரிடமும் சொல்லலாகாது.”

பேரை எழுத வேண்டும் என்ற விதி விட்டுப்போனது. சொல்லழகு பார்த்ததில் அது எங்கேயோ விழுந்துவிட்டது.

தோட்டத்து மேல் டிவிஷனில், ரப்பர் மலை முடியும் இடத்தில் ஒரு பலா மரம். வேருக்கு நடுவே ஒரு பொந்து. பெட்டியை அதில் வைத்து ஒரு தட்டைக் கல்லால் மூடினான். மெசின் காட்டிய நம்பரை என் கம்பியூட்டரில் இருந்து இன்டர்நெட்டில் போட்டோம். ரப்பர்ப் பால் வெட்டுகிற ஆட்கள் கல்லைப் புரட்டிவிட்டால்? அதற்கும் ஒரு யோசனை செய்தான். கல்லின் மேல் மஞ்சளைப் பூசி ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டான்.

“பொட்டு வச்ச கல்ல நம்ம ஆளுங்க ஒருத்தனும் தொட மாட்டான்” என்றான், பெரிய விஞ்ஞானி மாதிரி.

“சாமியோட விளையாடாதடா” என்றேன். கேட்டால்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு சிவப்புத் துணி. பிறகு வாழைப்பழம், ஊதுபத்தி, பொங்கல். அந்த மலையில் பால் வெட்டும் சின்னம்மாவின் கனவில் சாமி வந்து, தான் அங்கேதான் இருப்பதாகச் சொல்லிவிட்டதாம். பெயரும் சின்னம்மா, ஊருக்கும் அவர் சின்னம்மாதான். அவருடைய குரலுக்கு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே ஒதுங்கி நடப்பார். கல்லுச்சாமிக்கு அவரே பூசாரி, அவரே தர்மகர்த்தா. பெண்கள்தான் கல்லைத் துடைக்கலாம், ஆண்கள் தள்ளி நின்று கும்பிட வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டார்.

பெட்டி நனைந்துவிட்டதா என்று பார்க்கப் போன ஸ்ரீதரன், கல்லில் கை வைத்த நேரத்தில் பிடிபட்டான்.

“ஏன்டா, ஒனக்கு ஒடம்புல கொழுப்பா? சாமி கல்லுல கைய வைக்கிற?”

“இல்ல சின்னம்மா, சும்மா...”

“சும்மாவா? சாமிகிட்ட என்னடா சும்மா?”

தோட்டத்துத் தலைவர் வரைக்கும் விஷயம் போய், தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டான். அவன் மனைவி கிருஷ்ணகுமாரிக்கு லயத்து வரிசை வீடுகளில் தலை காட்ட முடியவில்லை. அவளுக்கும் அவன் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கவில்லை. விதியாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், புருஷன் எங்கேயோ காட்டுக்குள் ஒரு பெட்டியை ஒளித்துவைத்திருக்கிறான், அதைத் தேடி எவனும் வரவில்லை என்பதுதான். அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் தினமும் சாயங்காலம் அவன் என் கடைக்கு வந்து, “யாராச்சும் எழுதியிருக்காங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

இதற்கு நடுவில் அவளுடைய தலைக் கிளிப் ஒன்று காணாமல் போனது. நீலக் கல் பதித்த வண்ணத்துப்பூச்சி. கல்யாணமான புதிதில் இரத்தினபுரி டவுனில் அவன் ஆசையாக வாங்கிக்கொடுத்தது. கட்டிலுக்கு அடியில், அரிசி வாளிக்குப் பின்னால் என்று வீட்டையே புரட்டினான். அவள் அடுப்படியில் இருந்தபடியே, “ஒலகத்துல உள்ள பொட்டியெல்லாம் தேடுறீங்க, வீட்டுக்குள்ள ஒரு கிளிப்பத் தேட முடியல” என்று குத்திக்காட்டினாள். அதோடு இரண்டு நாள் பேச்சில்லை. எனக்கு அவன் மேல் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மழைக்காலம் போய், இலை உதிரும் மாசியும் வந்தது. அப்போதுதான் கம்பியூட்டரில் அந்தச் செய்தி. கொழும்பில் நில அளவை வேலை செய்யும் றமீலா என்ற பெண், சனிக்கிழமை வருகிறாராம். ஸ்ரீதரனுக்கு நான் வாசித்துக் காட்டியபோது அவன் ஸ்டூலில் இருந்து எழும்பி, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழும்பினான். பிறகுதான் முகம் வெளுத்தது.

“சின்னம்மா விட மாட்டாங்களேண்ணே.”

பால் வெட்டுகிறவர்கள் எல்லோரும் முன்பகலில் பாலை நிறுக்க ஸ்டோருக்கு இறங்கிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துப் போவது என்று முடிவு செய்தோம். பஸ்ஸில் வந்து இறங்கினார் றமீலா. தலையில் கறுப்புத் துணி, காலில் நல்ல சப்பாத்து, கையில் இவனுடையதை விடச் சின்ன மெசின். நானும் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். ஸ்ரீதரன் மலையடியில் வண்டியை நிறுத்திவிட்டு, “இனி நீங்கதான் தேடணுங்க, நான் ஒண்ணும் காட்ட மாட்டேன்” என்று நியாயஸ்தன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டான். அவர் மெசினைப் பார்த்தபடி மேலே ஏறி நேராகப் பலா மரத்தடிக்குப் போனார். அங்கே விளக்கையும் துணியையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

“இது கோயில் இல்லையா? நான் தொடலாமா?”

“பொம்பளைங்க தொடலாம். நான்தான் தொடக் கூடாது” என்றான் ஸ்ரீதரன் வெட்கத்தோடு.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு கையாலும் கல்லை மெதுவாகத் தூக்கினார். பெட்டி துளி ஈரம் இல்லாமல் இருந்தது. யாரோ அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றிவைத்திருந்தார்கள். திறந்தார்.

ஸ்ரீதரன் வைத்த கோலிக்குண்டு இல்லை. சாவிக்கொத்து இல்லை. குட்டி த்ரீவீல் பொம்மை இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பெட்டி நிறையக் கண்ணாடி வளையல், சின்னக் கொலுசு, பாசிமணி, புதுச் சீப்பு, பால் கத்தி தீட்டும் கல்லில் ஒரு துண்டு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்துப் பெண்கள் கல்லைத் துடைக்கும்போது பெட்டியைக் கண்டிருக்கிறார்கள். மூடியில் இருந்த சிங்களமும் இங்கிலீஷும் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளே இருந்த என் தமிழைச் சாமியின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வந்து, சாமியிடம் ஒன்றை எடுத்து, ஈடாக ஒன்றை வைத்து, இருந்தபடியே மூடிவிட்டு, வாயைத் திறக்காமல் போயிருக்கிறாள். லயத்துப் பெண்கள் இத்தனை பேர் ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தது என் தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்றே இன்றுவரை நினைக்கிறேன். வாழைப்பழம் எல்லாம் கல்லுக்கு வெளியே. உள்ளே தின்னும் பொருள் ஒன்றுகூட இல்லை. ஒல்லாந்துக்காரன்கூட விதியை இவ்வளவு ஒழுங்காகக் காத்திருக்க மாட்டான்.

பேர் எழுதுவதற்கு வைத்த தாள் மட்டும் வெள்ளையாக இருந்தது. றமீலா முதல் ஆளாகப் பேரை எழுதினார். கொழும்பிலிருந்து கொண்டுவந்த சின்னத் திசைகாட்டி ஒன்றை உள்ளே வைத்தார். பிறகு ஈடாக எதை எடுப்பது என்று கிளறி, அடியில் இருந்து ஒன்றைத் தூக்கினார். நீலக் கல் வண்ணத்துப்பூச்சி.

“இது வடிவா இருக்கு. எடுக்கவா?”

நான் ஸ்ரீதரனைப் பார்த்தேன். எடுக்க வேண்டாம் என்று சொல்லப் பெட்டி வைத்தவனுக்கு உரிமை கிடையாது.

“எடுத்துக்குங்க” என்றான்.

அவர் அதைத் தலைத் துணியின் ஓரத்தில் குத்திக்கொண்டார்.

இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை ஒரு தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்புவது எப்படி? வீட்டுக்குக் கூட்டிப் போனோம். தான் வாங்கிக்கொடுத்ததைப் போய் ஒரு கல்லுக்குக் கொடுத்திருக்கிறாளே, அதற்கு மேல் தொலைந்துவிட்டதாக நடித்துமிருக்கிறாளே என்ற கோபம் ஸ்ரீதரனின் பிடரியிலேயே தெரிந்தது. கிருஷ்ணகுமாரி தட்டில் தேத்தண்ணீரோடு வந்தாள். றமீலாவின் தலையைப் பார்த்தாள்.

“நீங்க கல்லுச்சாமிகிட்ட போனீங்களா?”

றமீலா ஸ்ரீதரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஓம் அக்கா” என்றார்.

“எங்க இருந்து வாறீங்க?”

“கொழும்பில இருந்து. இவர் ஒளிச்சு வச்ச பெட்டியத் தேடி வந்தேன்.”

“கெடச்சுதா?”

“கிடைச்சுது அக்கா.”

கிருஷ்ணகுமாரி தட்டை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “வேண்டுதல் பலிச்சுருச்சுன்னா வெளிய சொல்லலாம்தானே? அந்தக் கிளிப் என்னோடதுங்க. ஒசந்ததா வச்சாத்தானே சாமி கேக்கும்னு அத வச்சேன். இவரு எங்கயோ ஒரு பொட்டிய வச்சுட்டு தெனம் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வாறாரு, எனக்குப் பாக்க முடியல. ஒரே ஒரு ஆளாச்சும் தேடி வந்து எடுக்கணும், சாமின்னு கேட்டேன்.”

றமீலா கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் கிளிப்பைக் கழற்றப் பார்த்தார். கிருஷ்ணகுமாரி விடவில்லை. “வேணாம், வேணாம். அது உங்களுக்குன்னு வச்சதுதான். பொட்டி எங்க இருந்துச்சுன்னும் எனக்குச் சொல்ல வேணாம். அது இவரோட ரகசியம்.”

ஸ்ரீதரன் எழும்பி வெளியே போனான். பீலிக் குழாயில் விழும் தண்ணீரில் முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேல் டிவிஷன் ரோட்டில் அவனுடைய த்ரீவீல் நின்றது. தோளில் பை இல்லை, மெசின் இல்லை, கையில் ஒரு கட்டிக் கற்பூரம் மட்டும். அவனைக் கண்டதும் சின்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கல்லத் தொட்டேன்னா பாரு, தள்ளி நின்னு கும்பிடுடா” என்று கத்தினார்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று கும்பிட்டான்.