ஐஸில் புதைத்த ஊசி

ஐஸ் கம்பெனி ஆள் உடம்பிலிருந்து வெள்ளையாய் ஏதாவது உதிர்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. கடலூர் முதுநகரில் பதினெட்டு வருஷம் ஐஸ் பார் இழுத்த லூர்துசாமி அப்படித்தான் காலத்தை ஓட்டினான். முழங்கை, மண்டை, முதுகு என்று தோல் தடித்துச் சிவந்து செதில் செதிலாய்க் கொட்டும் சொரியாசிஸ் அவனுக்கு. தொற்றாத நோய்தான். மீன் ஏற்ற வருகிற வியாபாரியிடம் அதை யார் போய்ச் சொல்வது?

2010இல் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுப்பிரியா ஒரு டிரஸ்டைப் பிடித்து, வாரம் இரண்டு தடவை தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிக்கு வழி செய்தார். மூன்றே மாதம். தோல் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பனியனைக் கழற்றிப் போட்டு வேலை செய்தான். லோடுமேன் காத்தவராயன் விசில் அடித்தான்.

"யார்றா இது, புது மாப்ள? மச்சான், உன் பழைய சட்டைய என்னா வெலைக்கி வித்த?"

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று மாதத்துக்கான இருபத்து நாலு ஊசியும் மொத்தமாய் வந்தன. டிசம்பர் முப்பதாம் தேதி 'தானே' புயல் அடித்தது. மரம் ஒன்று நிற்கவில்லை, கரண்ட் கம்பம் ஒன்று நிற்கவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது.

சூட்டில் கெட்ட பொருளை லூர்துசாமி ஆயிரம் பார்த்திருக்கிறான். குளிரில் கெட்டதை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கம்பெனியில் மிச்சம் கிடந்த பாரை உடைத்து, தெர்மாகோல் பெட்டியில் கொட்டி, குளிர் கடிக்கட்டும் என்று கல்லுப்பும் போட்டு, ஏற்றுமதி இறாலை அடுக்குகிற பக்குவத்தில் ஊசிகளைப் புதைத்து வைத்தான். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மருந்து கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டினான். இளகித் தெளிந்துவிட்டது. குத்திக்கொண்டான். கரண்ட் வந்ததும் மீதியை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினான்.

மாசியில் இடது முழங்கையில் ஒரு சிவப்பு. பிறகு காதுக்குப் பின்னால். பிறகு முதுகு. கல்யாணமான புதிதில் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசை. அவன் மனைவி ஜெயராணிதான் அதைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, இது புதுசா வரலிங்க. வூடு தெரிஞ்ச ஆளு மாதிரி வருது."

முதலாளி சுப்பராயலுவும் பார்த்துவிட்டார். "லூர்து, ஏவாரிங்க மூஞ்ச சுளிக்கிறானுங்க. மீன்புடி தடை நாப்பத்தஞ்சு நாளு இருக்குது. அதுக்குள்ள தேத்திக்கிட்டு வா. தடை முடிஞ்சி போட்டுங்க கடலுக்குக் கெளம்பற அன்னிக்கும் இப்படியே நின்னீன்னா நான் வேற ஆள வச்சிக்குவேன்."

சிதம்பரத்துக்கு ஓடினான்.

"ஊசிய குளிர்ச்சியாத்தானே வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"குளிர்ச்சியாத்தான் வச்சிருந்தேன் மேடம்."

பொய் இல்லை. மருந்து உறைந்ததை மட்டும் சொல்லவில்லை, அதனால்தான் கெட்டதோ என்ற பயம்.

"அப்ப ஒடம்பு இந்த மருந்த எதுக்க ஆரம்பிச்சிடுச்சு. வேற மருந்துக்கு மாத்திடலாம், டிரிப்ஸ்ல ஏத்தறது. சீக்கிரம் கேக்கும். ஆனா டிரஸ்ட்ல ரெண்டே மருந்துதான். பழசு கேக்கலைன்னு எழுதிட்டா அது திரும்பக் கெடைக்காது."

சீக்கிரம் கேக்கும் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. போட்டு கடலுக்குக் கிளம்புவதற்குள் தோல் சுத்தமாகிவிடும். தலையாட்டினான். நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட் எல்லாம் முடிந்தது.

டிரிப்ஸ் ஏற்றுகிற நாள். பகல் பதினோரு மணி, நல்ல வெளிச்சம். ஜெயராணி கட்டில் பக்கத்தில் நின்றாள். டாக்டர் பழைய ஃபைலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை உருவினார். முதல் ஊசிக்கு முன்னால் அவன் முதுகுப் படையை மார்க்கரால் ஓரம் பிடித்து வரைந்த தாள். எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க அதை முதுகில் வைத்தார். தாளை எடுக்காமல் குனிந்து குனிந்து பார்த்தார்.

"என்னா மேடம்?"

செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். புதுப் படை பழைய கோட்டுக்கு வெளியே ஒரு நூல் இல்லை, உள்ளே ஒரு நூல் இல்லை. நண்டு கடித்த மாதிரி முதுகெலும்போரம் ஒரு வெட்டு, அதுகூட அதே இடத்தில்.

"தோலுக்கு ஞாபகம் உண்டு," என்றார் அவர், பஞ்சைப் பிய்த்துக்கொண்டே. "மருந்து அடக்கி வைக்கும். அழிக்காது."

இரண்டு வருஷம் ஊர் பார்க்கத் திறந்து போட்டிருந்த முதுகு. அது அடியிலேயே இருந்திருக்கிறது. காத்தவராயன் விசில் அடித்தபோதும் இருந்திருக்கிறது, மூச்சுக் காட்டாமல்.

"எவ்ளோ நாளு இப்படிக் காத்துக்கிட்டிருக்கும்?"

"நீங்க இருக்கற வரைக்கும்."

ஐஸ் ரூமில் பதினெட்டு வருஷம் வராத நடுக்கம் அப்போது வந்தது. ஆயுசுக்கும் காத்திருக்கிற ஒன்று. அதை அடக்க இரண்டே மருந்து. அதில் ஒன்றை, வேலை செய்கிற மருந்தை, ஒரு பொய்க்காகத் தூக்கிப் போடுகிறோம். நரம்பில் ஊசி இறங்கப்போகிற நேரம் கையை இழுத்துக்கொண்டான்.

"பழசு கேக்கலைன்னு எழுதாதீங்க மேடம். நான்தான் ஐஸுல பொதச்சு வச்சேன். ஒறஞ்சு போச்சு. இளக வச்சுப் போட்டுக்கிட்டேன்."

"எத்தன ஊசி?"

"அத்தினியும்."

"நல்லா உப்புப் போட்டு பேக் பண்ணாரு மேடம், ஜப்பானுக்கு எறா அனுப்பற மாதிரி," என்றாள் ஜெயராணி.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒறஞ்சா அந்த மருந்து செத்துப்போயிடும்யா. மூணு மாசமா வெறும் தண்ணியக் குத்தியிருக்கீங்க. மாத்த வேணாம், பழைய ஊசியவே ஆரம்பிப்போம். ஆனா மூணு மாசம் புடிக்கும்."

"புடிக்கட்டும் மேடம்."

"வேலை?" என்றாள் ஜெயராணி. அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மே கடைசியில் போட்டுகள் கடலுக்குக் கிளம்பின. அவன் முழங்கைப் படை நடுவில் மட்டும் வெளுத்து, வளையமாய் நின்றது. சுப்பராயலு கேட்டிலேயே பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வேறு ஒருத்தன் பார் இழுத்துக்கொண்டிருந்தான். லூர்துசாமி அண்ணாகிராமம் பக்கம் புயலில் விழுந்த பலா மரங்களை அறுக்கிற கூலிக்குப் போனான்.

ஆகஸ்டில் முதுகு சுத்தமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த கையோடு, ஜெயராணி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"சுத்தமாப் போயிடுச்சுங்க."

"மெதுவாத் தேய்டி," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "எழுப்பிடாத."