அக்கா சேலையில் மீன் கக்கிய குஞ்சு

அத்தான் இறந்து ஐந்து மாதமாகியும் அக்கா வாசலைத் தாண்டவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் அவள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் சங்கரன்கோவிலிலிருந்து போவேன். சமைப்பாள், பரிமாறுவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். முன்பெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கிறவள் அவள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, "கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்கப் போவோமாக்கா?" என்று கேட்டேன்.

"பறவையப் பாத்து என்னட்டி செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பாப்போம்."

மறுக்கத் தெம்பில்லாமல்தான் கிளம்பினாள் என்று நினைக்கிறேன். திருநெல்வேலியில் பஸ் மாறிப் போய் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. குளத்தின் நடுவே பூநாரைகள் வெளிறிய ரோஸ் நிறத்தில் நின்றன. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குள் நடந்தோம். வீட்டுவாசல் மரங்களிலெல்லாம் நாரைக் கூடுகள். கோலத்தின் மேலும், நிறுத்தியிருந்த பைக்கின் மேலும் வெள்ளை எச்சம். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு நின்றபோது பின்னால் பொத்தென்று சத்தம். வேப்பமரத்துக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. கோழி அளவு இருக்கும்; உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. நாய் ஒன்று எழுந்து வந்தது.

நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. ஓடிப்போய் முந்தானையால் குஞ்சை மூடித் தூக்கிக்கொண்டாள். அதுவோ கழுத்தை நீட்டி, தின்ற மீனையெல்லாம் அவள் நெஞ்சிலேயே கக்கியது.

அந்த வீட்டு அம்மா செம்போடு ஓடிவந்தாள். "பயந்தா அப்படித்தான் கக்கும் தாயி. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல."

அக்கா குனிந்து சேலையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மரத்து நாரைகள் இறக்கையடித்து எழும்பும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டேன்.

பறவைகள் சரணாலயக் காவலர் ஒருவர் வந்து, விழுந்த குஞ்சுகளை வளர்க்கும் கம்பிக் கூண்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அவர் நீட்டிய மீனைக் குஞ்சு தொடவில்லை. "நான் குடுத்துப் பாக்கேன்" என்று அக்கா கை நீட்டினாள். இரண்டு முறை கீழே போட்டது. மூன்றாம் முறை விழுங்கியது.

"ஒங்க அத்தானும் காய்ச்சல்னா இப்படித்தாம்ட்டி. மூணு தடவ கெஞ்சணும்."

அத்தான் போனபின் அவளாக அவரைப் பற்றிப் பேசியது அன்றுதான். திரும்பும் பஸ்ஸில் மீன் வாடை தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட, தாராளமாக உட்கார்ந்து வழியெல்லாம் அத்தானைப் பற்றியே பேசினாள்.

அடுத்த வாரம் காவலருக்குப் போன் செய்தேன். குஞ்சு நன்றாகத் தின்கிறது, எழுந்து நிற்கிறது என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"நிக்குதா?" என்றாள். "காலு அடிபட்டிருக்கும்னு நெனச்சேன். சரி, பறக்கதுக்குள்ள ஒரு நாள் போவோம்ட்டி."