காய்ந்த வாரத்தில் ஒரு மோல்டிங்

முனிராஜ் மேஸ்திரி கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து படிக்கட்டுக் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு மணி பார்க்கிறார். எட்டு. டீ குடிக்கிறார், பேப்பரைப் புரட்டுகிறார், எழுந்துபோய்த் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். எட்டரைக்குள் அது அப்பளமாக விறைத்துவிட்டது. மனிதருக்கு முகம் செத்துப்போகிறது.

செப்டம்பர் கடைசி வாரம். தென் உள் கர்நாடகத்தில் ஐந்து நாளைக்கு மழை இல்லை, பெங்களூரில் வெயிலும் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி கூடுதல் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. நீலசந்திராவில் எங்கள் தெருவே குஷியாகிவிட்டது. இரண்டு மாதமாகப் பூஞ்சை பிடித்த மெத்தைகளெல்லாம் மொட்டைமாடிக்கு வந்தன. என்னுடையதும் வந்தது. மழை இல்லாவிட்டால் துணி காயும். வானிலையில் என் ஞானம் அவ்வளவுதான்.

மேஸ்திரி போனில் அதே அறிக்கையைத்தான் பார்த்தார். ஆனால் அவர் கண் மழைக்குப் போகவில்லை, காற்றுக்குப் போயிற்று. "எல்லாம் மழ இல்லன்னு குதிக்கிறாங்க சார். மழ வந்தா தளத்த டார்பல் போட்டு மூடிக்கலாம். இந்தக் காத்த என்னா பண்றது? சத்தமே இல்லாம மேல இருக்கற ஈரத்த உறிஞ்சினு போயிடும்."

ஐம்பத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட பேன்ட்டில் வருவார். வேலையிடத்தில் லுங்கிக்கு மாறுவார். கிளம்பும்போது மறுபடி பேன்ட். அதில் ஒரு சொட்டு சிமென்ட் விழுந்து நான் பார்த்ததில்லை. கூரைத் தளம் போடுவதை ஊர் வழக்கப்படி மோல்டிங் என்பார். போட்ட தளத்தைப் பற்றி மட்டும் பேச்சு குழைந்துவிடும். "பச்ச ஒடம்பு சார் அது. மொத மூணு நாள் வெயில் காட்டக்கூடாது."

இந்தப் பயத்துக்குக் காரணம் தொம்மலூரில் இருக்கிறது; அவருடைய சொந்த வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் இதேபோல் ஒரு காய்ந்த வாரத்தில் அதற்கு மோல்டிங் போட்டார். மோல்டிங் அன்றைக்கு வீட்டுக்காரர் ஆட்களுக்குப் பிரியாணி போட வேண்டும். அதுவும் தன் கையால் பரிமாற வேண்டும். அன்று வீட்டுக்காரரும் அவரே, மேஸ்திரியும் அவரே. தளத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். ஒரு மணி நேரம். மேலே போய்ப் பார்த்தால் தளம் முழுக்க மயிரிழையாக விரிசல் கோடுகள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அவர் மனைவி மமதா ஹாலில் மூன்று பாத்திரம் வைக்கிறாராம். "ஊருக்கெல்லாம் கூர போட்டவன் வூட்டுல பக்கெட்டு. பேஜார் சார்." சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவருக்கோ பிழைப்பே அடுப்பங்கரையில்.

இந்த வாரம் அவர் கையில் இருந்தது என் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவின் மாடி. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்த மகள் வீணா, இரண்டு வருடமாகக் கூடத்தில் ஒரு புடவைத் திரைக்குப் பின்னால் தூங்குகிறாள். மாடி அறை அவளுக்கு. இந்தத் தளம் கெட்டுப்போனால் இன்னொன்று போட அந்த வீட்டில் தெம்பு கிடையாது.

மேஸ்திரி விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்றார். சொர்ணம்மா அசையவில்லை. "ஐயரு பத்தரைக்குத்தான் நேரம் குறிச்சுக் குடுத்தாரு மேஸ்திரி. அவ வாழ்க்கதான் நேரங்கெட்ட நேரத்துல ஆரம்பிச்சிச்சு. ரூமாவது நல்ல நேரத்துல ஆரம்பிக்கட்டும்."

மேஸ்திரி தலையாட்டினார். "சரிம்மா. ஆனா தளத்த மூடற வரைக்கும் பிரியாணி டப்பாவத் தொறக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பூசணிக்காய் உடைத்து முதல் பாண்டுச் சட்டிக் கலவை விழுந்தது. இரண்டரைக்குக் கடைசிப் பாண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது, காற்று வேறு. கீழே பிரியாணி வாசனை தெருவையே இழுத்தது. தேய்த்து முடித்த இடத்திலெல்லாம் தார்ப்பாயை விரித்து, விரல் பதியாத அளவுக்குத் தளம் இறுகியதும் அதை எடுத்துவிட்டு ஈரச் சாக்கு பரப்பச் சொன்னார். கலவை மெஷின் ஓட்டும் ஆண்ட்ரூ பொறுமையிழந்தான்.

"பிரியாணி ஆறுது மேஸ்திரி."

"ஆறட்டும். அத மறுபடி சூடு பண்ணிக்கலாம். இத மறுபடி பண்ண முடியாது."

ஐந்து மணிக்குச் சாப்பிட்டார்கள். அவரை யாரும் வாழ்த்தவில்லை.

வெள்ளி காலை சாக்குகளை எடுத்து, மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். அதன்பின் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வந்து ஊற்றினார். திங்கள் மத்தியானம் விரிசல் விட்டிருக்கிறதா பார்த்துவிடுவது என்று முடிவு. அங்கிருந்து நேரே வேறு வேலைக்குப் போகவேண்டியவர், லுங்கிக்கு மாறாமல் பேன்ட்டோடு ஏறினார். சொர்ணம்மாவும் வீணாவும் பின்னால் வந்தார்கள். நான் என் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என்னவோ என் கூரை போல.

ஒரு பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தார். தோள் துண்டால் துடைத்தார். குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தளத்தில் ஒரு கோடு. சாண் நீளம், மெல்லிசாக.

"என்னாச்சு?" என்றாள் வீணா. மேஸ்திரி குத்துக்காலிட்டு அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். அது கையோடு வந்தது. சாக்கு நார்.

மீதிப் பாத்திகளையும் ஒவ்வொன்றாக வடித்துத் துடைத்தார். கோடே இல்லை. சொர்ணம்மா, "இருங்க, சேர் எடுத்தாரேன்" என்று படியிறங்கினார். மேஸ்திரி காத்திருக்கவில்லை. இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அந்த ஈரத் தளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.