விசிறிக்கு ஒத்திகை

மலேசியாவில், குளிர் விடாத கேமரன் மலையில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மின்விசிறி என்பது கீழே இருக்கிற சொந்தக்காரர் வீடுகளில் பார்க்கிற பொருள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டிலும் அது கிடையாது. கூரையிலிருந்து ஒரு விளக்கு தொங்கும், அவ்வளவுதான். காற்று வேண்டுமென்றால் கதவைத் திறந்தால் போதும். திறந்த கையோடு மூடவும் வேண்டியிருக்கும்.

என் மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு மின்விசிறி என்றால் பயம். கீழே ஈப்போ நகரில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது தலைக்கு மேல் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு, "அது கழண்டு விழுந்தா என் கழுத்துல விழுமா, கால்ல விழுமா?" என்று கேட்டாள். யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்பதால் அழ ஆரம்பித்தாள். விசிறியை நிறுத்திவிட்டோம். நாத்தனார் குடும்பம் முழுவதும் வியர்வையில் ஊறிக் கிடந்தது. அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இந்தப் பிள்ளைக்குத்தான் பல்கலைக்கழக முகாமில் இடம் கிடைத்தது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வளாகத்திலேயே சில நாள் தங்க வைத்து, கணினியில் எழுதும் கட்டளைக்கு ஓடுகிற சின்ன வண்டி செய்யக் கற்றுக்கொடுக்கும் முகாம் அது. எங்கள் தோட்டத்துப் பள்ளியிலிருந்து அவள் ஒருத்திதான் தேர்வாகியிருந்தாள். செய்தி வந்த நாளிலிருந்து பிஸ்கட் டப்பாவில் போத்தல் மூடிகளைக் குத்தி ஒரு வண்டி செய்து வைத்துக்கொண்டு, "இடது! வலது! நில்!" என்று அதற்குக் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தாள். கட்டளையிட்டுவிட்டு நாங்கள் பார்க்காத நேரத்தில் காலால் தள்ளுவாள். "அங்க போனா தள்ள வேண்டாம்மா. அதுவே போகும்," என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால், இந்த முகாம் எப்படியும் நடந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

முகாமிலிருந்து வந்த அறிவிப்பில் விடுதி அறைகளில் கூரை விசிறி உண்டு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பதிவு நாளன்று காய்ச்சல், சளி, இருமல் உள்ள பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, அவர்கள் இடம் காத்திருப்போருக்குப் போகும் என்றும் போட்டிருந்தது. முதல் வரியில் நான் அப்படியே நின்றுவிட்டதால் இரண்டாவது வரி என் மண்டையில் ஏறவில்லை.

நான் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. "பிள்ளைங்க தானா பழகிக்கும், விடுங்க," என்று மற்ற தாய்மார்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவள். வீட்டுக்கு வந்தவுடன் அந்த வாய் எங்கேயோ போய்விடும். பிள்ளை விடுதியில் விசிறியைப் பார்த்து அழுவாள், அறைத்தோழிகள் சிரிப்பார்கள், முகாம்காரர்கள் கூப்பிட்டு அழைத்துப்போகச் சொல்வார்கள், வண்டி தானாக ஓடுவதை அவள் பார்க்காமலே திரும்புவாள். எல்லாம் படம்போல ஓடியது. பழக்கிவிட்டால் என்ன?

என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரி ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு விசிறி வாங்கிவரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"பழகிக்கத்தான்."

"பாப்பாவா, நீயா?"

அவர் கேள்வி கேட்பாரே தவிர, சொன்னதைச் செய்துவிடுவார். காலி முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே நிற்க வைத்துக் கட்டி, ஓர் ஆளுயர விசிறியைக் கொண்டுவந்தார். லோரியிலிருந்து அதை இறக்கியபோது லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"என்னா டீச்சர், வீட்டுல காத்து பத்தலையா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"பாப்பா முகாமுக்குப் போறாக்கா. அங்க ஃபேன் இருக்காம்."

"அங்க குளமும் இருக்கும்லா. வீட்டுக்குள்ள தண்ணி நிரப்பப் போறீங்களா?"

நான் சிரிக்கவில்லை. வளாகத்தில் குளம் இருக்குமா என்ற கவலை அப்போதுதான் முளைத்தது.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் வாங்கியது தரையில் நிற்கும் விசிறி. மகளுக்குப் பயம் மேலே சுற்றுவதில்தான். எனவே கணவர் அதன் காலைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் துணி அலமாரியின் மேல் வைத்து, கட்டிலைப் பார்க்கும்படி குனியவைத்து, லோரியில் கூடைகளைக் கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அலமாரியே யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. வெளியே மழை, தேயிலைச் சரிவு முழுவதும் பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. கீழே வெயிலில் மெல்லிய சட்டைதான் போடுவாள் என்பதால் அதையே போட்டுப் படுக்கச் சொன்னேன். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். விசிறியைப் போட்டோம்.

"அம்மா, பல்லு ஆடுது."

"பயமா?"

"குளிருதும்மா. அங்க சூடா இருக்கும்ல? இங்க சூடு இல்லாமப் பழகினா எப்படிச் சரியா வரும்?"

நியாயமான கேள்வி. உடனே அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். விசிறி அந்த ஆவியை அள்ளி எங்கள் மேல் வீசியது. கண்ணாடியில் நீர் வழிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் சுருண்டது. கணவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"இட்லி எப்ப வேகும்? பசிக்குது."

ஆனால் ஒன்று நடந்தது. அந்த ஆவியிலும் குளிரிலும் மகள் விசிறியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதனிடம், "இடது! வலது!" என்று சொல்ல ஆரம்பித்தாள். பிறகு தூங்கிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "ஃபேனு போடுங்கம்மா," என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை மகள் தும்மினாள்.

அடுத்தடுத்துத் தும்மினாள். மூக்கு ஒழுகியது. பதிவு நாள் புதன்கிழமை. அப்போதுதான் அறிவிப்பின் இரண்டாவது வரி என் மண்டையில் ஏறியது. ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன். விசிறிக்குப் பயந்து அவள் இடம் போயிருந்தால் பாவம் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். விசிறிக்குப் பழகி அவள் இடம் போனால் யாரைச் சொல்வது?

கற்பூரவல்லிச் சாறு, மிளகு ரசம், நொச்சி இலை போட்டு வேது என்று அந்த இரண்டு நாளும் வீடே மருந்துக்கடை ஆனது. நான்கூட அவளோடு போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடித்தேன். அவள் மூக்கு மெல்ல வறண்டது. என் தொண்டை மெல்லக் கரகரத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் காரில் கிளம்பினோம். கம்போங் ராஜாவைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது வழக்கம்போல் காது அடைத்தது. எனக்கு மட்டும் தலையும் சேர்ந்து கனத்தது. பின்சீட்டில் இருந்த மகளிடம், "அங்க கேட்டா உண்மையைச் சொல்லணும், சரியா? ஆனா அவங்களா கேக்காம நாமளா நிறைய பேச வேண்டாம்," என்றேன். சொன்ன உடனே, இது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும், "பேசலாம். உண்மைன்னா பேசலாம்," என்று திருத்தினேன்.

வளாகத்து நிழற்கூடத்தில் போட்டிருந்த பதிவு மேசையில் ஒரு தமிழ் மாணவி இருந்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியை மகளின் நெற்றியில் காட்டினார். "பாப்பா ஓகே." கருவியை இறக்கும் நேரம் பார்த்து நான் தும்மினேன். நிழற்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பும்படியான தும்மல். அவர் கருவியை என் நெற்றிக்குக் கொண்டுவந்தார். அது கீச்சென்று கத்தியது.

"அக்கா, உங்களுக்குத்தான் காய்ச்சல். வீட்டுல யாருக்காவது சளியா?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் ஆரம்பித்துவிட்டாள். உண்மைதானே, பேசலாமே.

"எனக்குத்தான்க்கா முதல்ல வந்துச்சு. அம்மா எனக்கு ஃபேனுக்குக் கீழ படுக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பா அலமாரி மேல கட்டினாங்க. அம்மா பானையில சுடுதண்ணி வச்சாங்க."

"கேமரன்லயா? ஃபேனா?"

"லோரி கயிறு போட்டுக் கட்டினேன்மா. அசையல," என்றார் கணவர், அதைத்தான் அந்த மாணவி கேட்டதுபோல.

மாணவி மேசைமேல் குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது. பின்னால் வரிசையில் நின்ற தாய்மார்களும் சிரித்தார்கள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஹாஸ்டல் ரூம்ல போன மாசமே ஃபேனைக் கழட்டிட்டு ஏர்கான் போட்டுட்டாங்க அக்கா," என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

"ஆனா சளி இருந்துச்சுன்னா நான் மேடத்தைக் கேக்கணும்," என்று மாணவி எழுந்து போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மாவும் பையனும் பையோடு காத்திருந்தார்கள். இடம் காலியானால் அது அவர்களுக்கு. மகளும் அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "நான் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றாள். அவள் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. சொன்னது சரிதான் என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு மூக்கு ஒழுகியது சளியால் மட்டுமில்லை.

முகாம் பொறுப்பாளரான மலாய் விரிவுரையாளர் வந்தார். மகளை வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். கொடிக்கம்பம்வரை ஓடிவிட்டு வா என்றார். நான் போட்டுவிட்ட ஸ்வெட்டரோடு, அந்த வெயிலில், அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் தக்காளிபோல் இருந்தது. இருமவில்லை. தும்மவில்லை. நாங்கள் எல்லாரும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

விரிவுரையாளர் சிரித்தார். பிள்ளை உள்ளே வரலாம், அம்மா மட்டும் தயவுசெய்து வெளியே என்றார்.

விடுதி அறையைப் பார்ப்பது, கட்டிலைத் துடைப்பது, அறைத்தோழிகளிடம் இரண்டு வார்த்தை சொல்வது என்று நான் போட்டுவைத்திருந்த திட்டமெல்லாம் போயிற்று. என்னை முகக்கவசத்தோடு வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்தே கத்தினேன்.

"ஏர்கான் நேரா படாத கட்டில்ல படு! ஸ்வெட்டர் போட்டுக்க! இப்ப போட வேண்டாம், கழட்டு! ரூம்ல போட்டுக்க!"

"சரிம்மா! நீங்க மருந்து சாப்பிடுங்க!" என்று அவளும் கத்திவிட்டு, பையைத் தரையில் இழுத்துக்கொண்டே போய்விட்டாள். பெஞ்சில் இருந்த அம்மாவின் பையனையும் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள், யாரோ வரவில்லையாம். எனக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

மறுநாள் மாலை, வீட்டில் போர்வைக்குள் கிடந்தபோது அந்த மாணவி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். மகள் தரையில் குனிந்து உட்கார்ந்து ஒரு வண்டியின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. நான் பின்னிவிட்ட சடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். காலில் செருப்பு இல்லை. வெறும் தரை. பளிங்குத் தரை.

‘செருப்பு போடச் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். அழித்தேன். ‘காலுறையாவது’ என்று எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு பாவம்லா," என்றார். அதையும் அழித்தேன். பிறகு, ‘வண்டி தானா ஓடுச்சா?’ என்று கேட்டு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது.

‘ஓடுச்சு அக்கா. நேரா போய்ச் சுவத்துல முட்டிருச்சு. சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறா, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு விட்டுக்கிட்டே இருக்கா.’