ஊறவைத்த அரிசியின் சத்தம்

எழுபதுகளின் அந்தப் பஞ்ச நாட்களில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எல்லாருக்கும் உடம்பு இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஆசைப்பட்டு இறக்கவில்லை, அரிசி கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உடம்பை ஏற்றக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். என் சுபாவம் அப்படி. அடைமழைக் காலத்தில்தான் எனக்குக் கம்பளி துவைக்கத் தோன்றும்.

காரணம் ராகலைக்காரர்.

ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த அவருக்கு ஒரு மகள். நானும் அம்மாவும் போய்ப் பெண் பார்த்தோம். அவள் வெறும் தேத்தண்ணியும், கடித்துக்கொள்ள ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். என் துண்டைக் கடித்து முடித்த நான், பேச்சு சுவாரசியத்தில் அம்மாவின் துண்டையும் எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு வெளியே வராமல் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று கருப்பட்டி கரைவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து அவர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். மேலும் கீழும் பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. நான் அவ்வளவுதான் இருந்தேன்.

"மாப்ள நல்ல புள்ளதான் தங்கச்சி," என்றார் அம்மாவிடம். "ஆனா காத்தடிச்சா புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்போல இருக்கே. தீவாளி கழியட்டும். கொஞ்சம் தேறுறாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சாப்பிட்டுத் தேற வழியில்லை. மிச்சம் இருந்தது உடற்பயிற்சி. கையைத் தலைக்கு மேல் தட்டிக்கொண்டே குதித்தால் நெஞ்சு விரியும் என்று பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் சொல்லியிருந்தார். அவருக்கு விரிந்திருந்ததா என்பதை நான் கவனிக்காமல் விட்டது ஒரு குறைதான்.

எங்கே குதிப்பது? லயத்து வாசலில் குதித்தால் வரிசை முழுக்க வேடிக்கை பார்க்கும். தேயிலைக்குள் போய்க் குதித்தால் அட்டை ஏறி, இருக்கிற இரத்தமும் போய்விடும். ஆகவே வீட்டுக்குள். வீடு என்றால் ஒரு காம்பரா, ஒற்றை அறை. இரண்டு பக்கமும் வேறு குடும்பங்கள். நடுச்சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து: புகை, இருமல், கருவாட்டு வாசம், புருஷன் பெண்டாட்டிச் சண்டை. நான் தும்மினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கிற இடத்தில் எனக்கு வேலை. அந்தியில் வீடு வந்ததும், பெண்கள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தொடங்கினேன். முதல் நாள் வெறுங்காலோடு குதித்தேன். தரை சப் சப்பென்று கத்தியது.

"எந்த வீட்டுலப்பா புள்ளயப் போட்டு அடிக்கிறீங்க?" என்று சுவருக்கு மேலாகப் பக்கத்துக் காம்பரா மாமா குரல் கொடுத்தார்.

மறுநாள் பழைய கொழுந்துச் சாக்கு ஒன்றை நான்காக மடித்து, அதன்மேல் அம்மாவின் கம்பளியைப் போட்டுக் குதித்தேன். சப் போய்விட்டது. தொம்… தொம்… என்று மெத்தென்ற, அடக்கமான சத்தம். வாயை இறுக மூடிக்கொண்டதால் இடையிடையே உஸ்ஸென்று மூச்சு மட்டும். அயலாருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்துக் குதித்தவன் மலைநாட்டிலேயே இருக்க மாட்டான் என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

கொஞ்ச நாளில் பக்கத்துக் காம்பரா அத்தை எங்களுக்குத் தணல் கொடுப்பதை நிறுத்தினாள். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க, எந்த அடுப்பு முதலில் எரிகிறதோ அங்கே சிரட்டையோடு போய்த் தணல் வாங்கிவருவது லயத்து வழக்கம். அம்மா போய் நின்றபோது அத்தை, "அணைஞ்சு போச்சு மதினி," என்றாள். சொல்லும்போதே நெருப்பு அவள் முகத்தில் சிவப்பாக அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை வாயைத் திறந்தாள்.

"ஏன் மதினி, ஒரு கை மாவு குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? புள்ளக இருக்கிற வீடு இது."

"என்னா மாவு?"

"என்னா மாவா? தெனம் அந்தியில நான் பீலியிலருந்து திரும்பையில ஒரல்ல இடிக்கிறது எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா? அதுவும் ஊறவச்ச அரிசி. வெறும் அரிசின்னா இம்புட்டு மெத்துனு விழுவாது. எத்தன வருசமா இடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கோதுமை மாவு. அதை யாரும் உரலில் போட்டு இடிக்க மாட்டார்கள். ஆகவே இடிக்கிற சத்தம் கேட்டால் அந்த வீட்டில் அரிசி இருக்கிறது. தினமும் கேட்டால் மூட்டையாக இருக்கிறது.

அம்மா யோசித்தாள். உண்மையைச் சொன்னால், பெண்ணுக்காக மகன் சாக்கின்மேல் குதிக்கிறான் என்று பீலியடியில் கதை ஓடும். சொல்லாவிட்டால் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று பெயர். இரண்டில் கஞ்சத்தனமே கௌரவம் என்று முடிவு செய்து, வெறும் சிரட்டையோடு திரும்பி வந்தாள்.

"நாளயிலருந்து குதிக்காத."

"தீவாளி வருதேம்மா."

"ஒனக்குத் தீவாளி வருது. எனக்குத் தணல் வரல."

நான் குதித்தேன். பேச்சு லயத்தின் கடைசிக் காம்பரா வரை போனது. கோயில் பூசாரி அம்மாவை வழியில் நிறுத்தி, "ஆத்தாளுக்கு ஒரு மாவெளக்கு போடக் கூடாதா?" என்று கேட்டார். அத்தையின் தங்கை ராகலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். செய்தி பஸ் ஏறிவிட்டது.

தீபாவளிக்கு முன்பே ராகலைக்காரர் ஆள் அனுப்பினார். உடம்பு கிடக்கட்டும், பஞ்சத்திலும் தினம் அரிசி இடிக்கிற வீடாமே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடித்துவிடலாம் என்று.

குதித்துக் கிடைக்காத பெண், குதித்த சத்தத்துக்குக் கிடைக்கப் போகிறாள். எனக்குச் சந்தோஷந்தான். அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் மரவள்ளிக் கிழங்கு இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

கடைசியில் அத்தையைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். அத்தை நம்பவில்லை. ஆகவே என்னைச் சாக்கின்மேல் ஏற்றினார்கள். அத்தை தன் காம்பராவுக்குப் போய்ச் சுவரோடு காதை வைத்துக்கொண்டு, "ம், குதிங்க மருமகனே!" என்றாள்.

குதித்தேன்.

"அதேதான்!" என்று சுவருக்கு மேலே குரல் வந்தது. "அரிசியேதான்!" பிறகு அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அத்தையின் குரல் இறங்கி வந்தது.

"அப்ப ஒங்க வீட்லயும் ஒண்ணும் இல்லயா மதினி?"

"இல்ல."

அன்று தணலை அத்தையே கொண்டுவந்து கொடுத்தாள். "ஞாயித்துக்கெழமய நான் பாத்துக்கிறேன். நீங்க கெழங்க அவிங்க, போதும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராகலைக்காரர் வந்து பாயில் உட்கார்ந்தார். அம்மா கிழங்கும் உறைப்பான கொச்சிக்காய்ச் சம்பலும் வைத்தாள். அவர் கிழங்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"மாவு இடிக்கிற வீடுன்னு சொன்னாங்களே தங்கச்சி?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கியது. தொம்… தொம்… உஸ். இது என் சத்தத்தைவிடக் கனமான சத்தம். மாமா தோட்டத்திலேயே பெரிய உடம்புக்காரர். அவரைச் சாக்கின்மேல் ஏற்றிவிட்டிருந்தாள் அத்தை.

"பக்கத்துக் காம்பராவுல வச்சா இடிக்கிறீங்க?" ராகலைக்காரர் முகம் மலர்ந்தது. "நல்லா ஊறியிருக்கு போல."

நான் பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகியிருக்கும். ஆனால் அந்த உதட்டை இழுத்துக்கொண்ட பெண், வந்த மறுநாள் இந்தக் காம்பராவில் அரிசிப் பானையைத் தேடுவாள் என்று தோன்றிவிட்டது. அப்போது அவளுக்குச் சிரிப்பு வராது.

"அது அரிசி இல்லீங்க மாமா," என்றேன். "ஆளு குதிக்கிறாரு."

"யாரு?"

"இன்னைக்கு அவரு. மத்த நாள்ல நானு." எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கையும் கம்பளியையும் காட்டினேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஏறலியே?"

"ஏறலீங்க. போன மாசத்துக்கு இப்ப கொறஞ்சிருக்கு."

"இந்தப் பஞ்சத்துல எம்மகளுக்காகக் குதிச்சீங்களா?"

"ஆமாங்க."

திரும்பப் போய் உட்கார்ந்தார். கிழங்கில் ஒரு துண்டை எடுத்துச் சம்பலில் தொட்டுக்கொண்டார். "எங்க வீட்லயும் இதுதான் தங்கச்சி," என்றார் அம்மாவிடம். "இன்னைக்குக் கெளம்பயிலயே மக சொன்னா. அரிசி இருக்கிற வீட்டுல போயி எப்புடிப்பா கூச்சமில்லாம சாப்புடுறதுன்னு. இனி அந்தக் கவல இல்ல." ஒரு துண்டைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுத்தார். "தை பொறக்கட்டும், முடிச்சிருவோம். மாப்ள, இனிமே குதிக்காதீங்க. தின்ன கெழங்காச்சும் ஒடம்புல தங்கட்டும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நெஞ்சை விரித்து நின்றேன். அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்தப் பக்கம் மாமா இன்னும் குதித்துக்கொண்டிருந்தார். நிறுத்தலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டுமென்பது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.