என் ரத்தம் வேண்டாம் என்றார்கள்

பிறந்த ஐந்தாம் நாள் என் தங்கை மகன் பால் குடிப்பதை நிறுத்தினான். உடம்பெல்லாம் மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள், உள்ளங்கால் மஞ்சள். எழுப்பினால் எழவில்லை. காலைச் சுண்டினால் அழவில்லை. ஐந்து நாள் பிள்ளை அழாமல் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமலே இருங்கள்.

இன்றைக்கு அவன் பதினோரு மாதப் பையன். இதை எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடுங்கி வாயில் வைக்கிறான். ஆண்டவர் செய்த நன்மையை எழுதவிடாமல் தடுப்பது அவர் காப்பாற்றிய பிள்ளையேதான். எழுத்து அங்குமிங்கும் கோணினால் பழி அவனுக்கு.

என் பெயர் தாவீது. பெருமாள்மலையிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். சபையில் என்னை ஜெபவீரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசி ஜெபம் முடியும் முன்பே செருப்பைத் தேடுகிறவன் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். அப்படிப்பட்டவனுக்கும் ஆண்டவர் பதில் சொன்னார் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை கிரேஸ் வட்டக்கானலில் இருக்கிறாள். அவள் கணவர் பால்ராஜ் அங்கே ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் போன ஐப்பசியில் அவளுக்கு மகன் பிறந்தான். அடைமழை. கோடைக்கானலில் இருக்கிறவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மூன்றாம் நாள் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் அம்மா ஒத்தாசைக்கு அங்கேயே தங்கியிருந்தார்.

நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் வீட்டில் பிள்ளை பிறப்பது கிடையாது. எனக்கோ கொஞ்சம் பெருமை அதிகம். கடையில் வாங்கின ஸ்வெட்டரை எவனும் கொண்டு போவான், நான் கொண்டு போவது ஊர் பேசவேண்டும் என்று நினைத்தேன். அம்மாவின் இரும்புப் பெட்டியில் ஒரு கம்பளி செட் இருந்தது. அம்மா இளவயதில் ஆயா வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பம் கொடுத்தது. குட்டி ஸ்வெட்டர், குல்லா, போர்வை. பூச்சி அரிக்காமல் இருக்க வருடா வருடம் பாச்சை உருண்டை போட்டுப் பொன்போல வைத்திருந்தார். அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, அந்தச் செட்டை அப்படியே எடுத்துப் புதுப் பையில் போட்டுக்கொண்டு வட்டக்கானல் போனேன்.

பையைத் திறந்ததும் அம்மாவின் முகம் மாறிப்போயிற்று.

"ஏலே, இத எதுக்குடா எடுத்தே? பழசு. வேண்டாம்லே."

"பழசா? இங்கிலீஷ் கம்பளிம்மா. இப்ப எங்க தேடுனாலும் கெடைக்காது."

கிரேஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, பிறந்து மூணு நாள்ல எம் பிள்ளைய தொரையாக்கிட்டீங்களே!" என்றாள். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டி, போர்வையில் சுற்றி, நானே மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாளும் அவன் அதற்குள்தான் இருந்தான்.

ஐந்தாம் நாள் காலை நான் முதலில் சொன்ன நிலை. கோடைக்கானலில் பார்த்த டாக்டர், "நிக்காதீங்க, உடனே கீழே கொண்டு போங்க" என்றார். எல்லோரையும் என் ஜீப்பில் ஏற்றினேன். எத்தனையோ வருடம் ஏறி இறங்கின ரோடு. அன்றைக்கு ஒவ்வொரு வளைவும் முடிவேனா என்றது. பனி. முன்னால் காய்கறி லாரி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தோம். கம்பளியின் பாச்சை உருண்டை வாசனை ஜீப் முழுவதும் அடித்தது. சுத்தமான வாசனை என்றுகூட நினைத்தேன். "வெரசா போங்கண்ணே, வெரசா போங்க" என்று கிரேஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா அந்தக் கம்பளியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளையின் ரத்த அணுக்கள் வேகமாக உடைகின்றன, ஏன் என்று தெரியவில்லை, மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றார் அம்மா. நானும் இல்லை என்றேன். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தக் கேள்விக்கு வாய் தானாகவே இல்லை என்றுதான் சொல்லும்.

நான் வெளியே போய் வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்றேன். முழங்கால் போடக்கூட இடமில்லை. ஜீப் பானெட்டில் தலையை வைத்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. என் ரத்தத்தை எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். நீர் என்ன சொன்னாலும் கேட்கிறேன்." அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

உள்ளே வந்தால் நர்ஸ் கேட்கிறார்: "பிள்ளைக்கு ரத்தத்த மாத்தணும். சொந்தத்துல யாரு குடுக்கறீங்க?" என் ரோமம் சிலிர்த்தது. நான்தான் என்று ஓடினேன். ரத்த வகையும் பொருந்தியது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினேன். அப்போது ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்கள். சாராயம் உண்டா, சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா.

வந்திருக்கிறது. இருபது வயதில், வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் மலேரியா காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்ட மூன்றாம் நாள் எனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஊருக்கு வந்து கீழாநெல்லி குடித்துப் படுத்துக் கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெண் பார்க்கிற சமயம் அது.

சொன்னால் ரத்தம் எடுக்கமாட்டார்கள். இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய்தானே என்று மனது வக்காலத்து வாங்கியது. ஆனால் கால்மணி நேரத்துக்கு முன்புதான் நீர் சொன்னதைக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உடனே பொய் சொல்ல வெட்கமாயிருந்தது. "வந்திருக்குங்க, மலேரியா மாத்திரை சாப்பிட்டப்ப" என்றேன். கேட்டவர் தாளை மடித்து வைத்தார். "உங்க ரத்தம் வேண்டாங்க."

சபையாரே, ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆண்டவர் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா என்று மனதுக்குள் சண்டை போட்டேன். மற்ற சமயமாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்குப் போக இடமில்லாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரம்மாவே என்னைத் தேடி வந்தார். என் தாளில் இருந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, அந்த மாத்திரை சாப்பிட்டப்ப யூரின் என்ன கலர்ல போச்சு?"

"கடுங்காப்பி மாதிரிங்க."

டாக்டரம்மா உடனே அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டு ஆம்பளப் பிள்ளைங்க வேற யாருக்காவது இப்படி வந்துச்சா?"

அம்மா கையில் வைத்திருந்த போர்வையைக் காட்டினார். "எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தாங்க," என்றார். "ஆறாம் நாள் மஞ்சளாகிப் போய்ட்டான். இந்தக் கம்பளியிலதான் சுத்தி வச்சிருந்தேன்."

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது முப்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கிரேஸுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா கம்பளியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பார்த்த வேகத்தில், "நர்ஸ், பிள்ளையோட துணி எல்லாத்தையும் கழட்டுங்க! இது எதுவும் வார்டுக்குள்ள இருக்கக் கூடாது!" என்று சத்தம் போட்டார்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு பொருளை நம் உடம்பே செய்துகொள்கிறது. அதைச் செய்யும் முறை மரபணுவில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மரபணுவில் சிறு குறை. சும்மா இருந்தால் அது ஒன்றும் செய்யாது, ஆயுசுக்கும் தெரியாமலே போகலாம். ஆனால் சில மாத்திரைகளோ பாச்சை உருண்டையின் காற்றோ பட்டால் அணுக்கள் மளமளவென்று உடைந்துவிடும். என்னை மாத்திரை கவிழ்த்தது. என் மருமகனை நான் கொண்டு போன கம்பளி கவிழ்த்தது.

"அப்ப என் தங்கச்சிக்கு ஏன் ஒண்ணும் வரல?" என்று கேட்டேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஜீப் ஓட்டுறேங்க."

"அப்ப ஈசியாப் புரியும். இந்த ஜீன் பெண்களுக்கு ரெண்டு இருக்கும். ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு பெரும்பாலும் சமாளிச்சிரும். ஸ்டெப்னி மாதிரி. ஆண்களுக்கு ஒண்ணுதான், அது அம்மாகிட்ட இருந்து வர்றது."

"ஆம்பளைங்க ஸ்டெப்னி இல்லாத வண்டிங்களா?" என்றேன். அந்த நிலைமையிலும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாங்கள் மாமனை உரித்து வைத்திருக்கிறான் என்று மூக்கையும் காதையும் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ரத்தத்திலும் உரித்து வைத்திருந்தான். என் ரத்தம் அவனுக்குள் போயிருந்தால் அதுவும் உடைந்து மஞ்சள் இன்னும் ஏறியிருக்கும் என்றார் அவர். என் ஜெபத்தை ஆண்டவர் அப்படியே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ரத்தம் வேறு ஆளிடமிருந்து வந்தது. பழனிக்குப் போய் மொட்டை போட்டுத் திரும்பும் வழியில், உறவினரைப் பார்க்க வந்த ஒரு பெரியவர். தலை நிறையச் சந்தனம். நாங்கள் அலைவதைப் பார்த்துத் தானாகவே வந்து கையை நீட்டினார். "எடுத்துக்கங்க தம்பி. முருகன் இதுக்குத்தான் இன்னைக்கு வெள்ளனே எறக்கிவிட்டிருக்கான் போல." அவருக்காக நான் என் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டேன், எங்களுக்காக அவர் அவருடைய சாமியிடம் வேண்டிக்கொண்டார். அவரது ரத்தத்தைச் சோதித்து, பொருந்துகிறது என்று பார்த்து, மாலைக்குள் பிள்ளைக்கு மாற்றினார்கள். பிறகு நீல விளக்கின் அடியில் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. கூரையைப் பிய்க்கிற மாதிரி. நர்ஸ் கதவைத் திறந்து, "உங்க பையன்தான். பசிக்குதாம்" என்றார். அவன் அழ அழ, நாங்கள் சிரித்தோம். பால்ராஜ் என்னைக் கட்டிப்பிடித்து வராந்தாவில் தூக்கிவிட்டார். கிரேஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போங்கண்ணே, நீங்க உண்மையச் சொன்னதாலதானே எம் பிள்ளை கெடைச்சான்" என்று என் காதைத் திருகினாள்.

அதைவிடப் பெரிய காரியம் அன்றைக்கு மதியம் நடந்தது. அம்மா தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் போனார். "அம்மா, அப்ப எம் பால்ல வெசம் இல்லையா?" மூத்தவன் இறந்தபோது அம்மா அப்போது குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அவர் ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்துதான் பால் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இல்லவே இல்லம்மா. உங்க பால் அமிர்தம். இந்த ரெண்டு பேரையும் பாருங்க." அம்மா அழுதார், பாருங்கள், அப்படி ஒரு அழுகை. அழுது முடித்துவிட்டு, இட்லி வேண்டும் என்று கேட்டு வாங்கி ஐந்து சாப்பிட்டார்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபின் சோதித்து அந்தக் குறை உறுதி என்றார்கள். எந்தெந்த மருந்து கூடாது என்று ஒரு அட்டை தந்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று. டிரைவிங் லைசென்ஸோடு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் வைத்தியம். எங்கள் வீடுகளில் இப்போது பாச்சை உருண்டைக்கு இடமில்லை. வெயில் அடித்தால் கம்பளிகளை வேலியில் காயப்போடுகிறோம்.

ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். என் குறை என் மகளுக்குக் கட்டாயம் போயிருக்கும். அவளுக்கு ஒன்றும் செய்யாது, நாளைக்கு அவளுக்குப் பிறக்கும் பையன்களுக்கு வரலாம். என் மகள் எஸ்தர் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சபையில் நன்றி ஆராதனை வைத்தபோது உறவில் ஒரு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கே. பிள்ளை பொழைச்சான்னு மட்டும் சொல்லு, மத்தத மைக்குல சொல்லாதே. ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கல்யாணம் நடக்கும்." அவர் என் மகள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன், வார்த்தை வரவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தார். சபையில் ஒரு நாளும் பேசாதவர்.

"என் மூத்த மகன் பேரு ஜான்," என்றார். "ஆறு நாள் இருந்தான். அவனப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா எம் பேரன் சாவு வரைக்கும் போயிருக்க மாட்டான். எம் மகன் சொல்லுவான், கேளுங்க."

நான் சொன்னேன். எஸ்தர் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவளைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன் என்றும் சொன்னேன். எஸ்தர் முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தட்டினாள், எதற்கு என்று தெரிந்ததோ இல்லையோ. ஆராதனை முடிந்ததும் தாண்டிக்குடிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகள் மஞ்சளாகிப் போனார்களாம். இப்போது அவர் மகள் ஏழு மாதக் கர்ப்பம். மறுநாளே அவர்களை என் ஜீப்பில் ஏற்றி அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். பங்குனியில் பையன் பிறந்தான். சோதித்துப் பார்த்தார்கள், அவனுக்கும் அதே குறை. முதல் நாளிலிருந்தே தெரிந்ததால் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நன்றாயிருக்கிறான்.

அன்பானவர்களே, கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள். அவர் கொடுக்கிற தேவன். நீங்கள் கேட்டதற்கு அவர் இல்லை என்றால் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, நானும் கோபித்தவன்தான். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். டாக்டர் கேட்கும்போது வீட்டில் நடந்ததை மறைக்காதீர்கள். எங்கள் வீட்டு ஜெபத்தில் அம்மா இப்போது தன் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுகிறார். மூன்று பெயர் சொல்கிறார்.