கண்ணாடிக்குப் பின்னால் அரை மணி நேரம்

ஒரு தகப்பனின் கடைசி அழைப்பை அவருடைய மகளிடம் சொல்லாமல் அரை மணி நேரம் மறைத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

அப்போது புதுக்கோட்டை புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்த வணிக வளாகத்தில் நான் ஜவுளிப் பிரிவு மேலாளர். கீழே மளிகையும் பாத்திரமும், மேலே இரண்டு தளம் ஜவுளி. எங்கள் பக்கத்தில் பலர் எஸ்கலேட்டரை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பொன்னமராவதியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஏறினார்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். வாசல் கண்ணாடிக்குள் பட்டுப்புடவை கட்டிய ஆறு பொம்மைகள் நின்றன. ஏழாவதாக ஒரு விற்பனைப் பெண்ணை நிறுத்துவோம். ஒரு மணி நேரம் அசையக்கூடாது. அவளைக் கண்டுபிடித்துச் சிரிக்க வைப்பவருக்குப் பரிசு. மணமேல்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சம்மதித்தாள். நான்கே நாளில் அவள் அசையாமல் நிற்கப் பழகிவிட்டாள். ஒருமுறை நான் கண்ணாடிக்குள் போய், "நேரமாச்சு, வாம்மா" என்றேன். "சார், நான் இங்கிட்டு இருக்கேன்" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பொம்மையிடம் பேசியிருக்கிறேன்.

வேலைக்கு வரும் பெண்கள் செல்போனை என் அறைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒருநாள் மாலை, அவள் கண்ணாடிக்குள் நின்றபோது, அவளுடைய போன் விடாமல் அடித்தது. திரையில் 'அப்பா' என்றிருந்தது. எடுத்தேன். மூச்சு வாங்கும் குரல். ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார், மகளைக் கூப்பிடச் சொன்னார். "இருங்க, கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கீழே கண்ணாடி முன்னால் பெருங்கூட்டம்.

"ஏ ஆத்தா, கடேசில நிக்கிறதுதான் ஆளு. கண்ணு மினுங்குது பாரு."

"போடி, அது பொம்மை. ஒன் மாமியாகூட இப்புடித்தான் முறைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கக் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலாளி படியில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். இன்னும் அரை மணி நேரம்தானே, முடியட்டும் என்று நின்றுவிட்டேன்.

அவள் வெளியே வந்து அழைத்தபோது வேறு யாரோ எடுத்து அழுதார்கள். "இப்பத்தாம்மா போன் வந்துச்சு" என்று பொய்யும் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

சில வருடங்களில் ஜனங்கள் திருச்சிக்கும், பிறகு செல்போனுக்குள்ளும் போய்விட்டார்கள். வளாகத்தில் ஒவ்வொரு தளமாக விளக்கு அணைந்தது. பூட்டிய கண்ணாடிக்குள் பொம்மைகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. பேருந்தில் போகும்போது எண்ணுவேன். ஏழு வந்த நாளும் உண்டு.

போன தை மாதம் அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

"வாங்க சார், உள்ள வாங்க" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க எடுத்துப் பேசுன நேரம் போன்லயே இருந்துச்சு. எப்பவாச்சும் வருவீங்கன்னு இருந்தேன்." பிறகு கேட்டாள்: "அப்பா என்ன சொன்னாரு?"

"பாப்பாவக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசணும்னாரும்மா."

"அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவரைப் போலவே மூச்சு வாங்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அழைக்கிறாள். "சொல்லுங்க சார்" என்பாள், அவ்வளவுதான். நானும் அப்பாவின் அந்த வார்த்தைகளை அவர் மாதிரியே சொல்கிறேன். போன வாரம் என் வாயில், "பாப்பா, சாப்பிட்டியா?" என்றும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் அப்படிக் கேட்டாரா, நானாகச் சேர்த்தேனா, எனக்கு நிச்சயமில்லை.

மறுமுனையில் "சாப்பிட்டேன்ப்பா" என்றாள்.